மாரீசனின் குரல்: மாரிக்குப்பம் ரயில் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கோலார் தங்கவயல் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் இடம் பிடிப்பவர்களுக்காக எழுதப்படும் மடல் இது. சாம்பியனிலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் கூட்டம் ஏற ஏற, பங்காருப்பேட்டை வருவதற்குள் கால் வைக்க இடமில்லாமல் போகிற பெட்டிகள் அவை. பெங்களூருக்குச் சுமார் 100 கிலோமீட்டர். போவதும் வருவதுமாக ஒரு நாளின் பல மணி நேரம் தண்டவாளத்திலேயே தீர்ந்துபோகிறது. செக்யூரிட்டி வேலைக்கும், கடை வேலைக்கும், ஐடி கம்பெனியின் கீழ்நிலை வேலைக்கும் போகிற பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். டிப்ளமோ, பி.காம்., பி.எஸ்ஸி. முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கைப்பேசியில் ஒரு செய்தி வரும். தாய்லாந்தில் வேலை. கம்ப்யூட்டரும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்தால் போதும். டிக்கெட் கம்பெனியே எடுத்துத் தரும், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.

அந்தச் செய்தியைப் பற்றித்தான் இந்த மடல்.

விண்வெளிக் கதைகளில் அடிக்கடி வருகிற காட்சி ஒன்று உண்டு. ஊருக்குத் திரும்பும் வழியில் ஒரு கலத்தில் இருப்பவர்களுக்கு ஆளில்லாத கோளிலிருந்து ஒரு குரல் கேட்கும். நம்பி இறங்குவார்கள், இறங்கிய இடம் பொறியாக இருக்கும். 1979ல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் வருகிற நோஸ்ட்ரோமோ என்ற கலம் கனிமத் தாது ஏற்றிச் செல்லும் கலம். அதிலிருக்கும் 7 பேரும் கூலிக்கு உழைப்பவர்கள். எங்கிருந்தோ வந்த சமிக்ஞையைக் கேட்டு இறங்குகிறார்கள். அந்தச் சமிக்ஞை உதவி கேட்டு வந்ததல்ல, விலகிப் போகச் சொன்ன எச்சரிக்கை என்பது இறங்கிய பிறகுதான் புரிகிறது. அதைவிடக் கொடுமை வேறொன்று. கூடவே இருந்து, கூடவே சாப்பிட்டு வந்த அறிவியல் அதிகாரியே கம்பெனியின் ஆள். கலத்தில் இருப்பவர்களின் உயிர் போனாலும் பரவாயில்லை என்பது அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்த உத்தரவு.

நம் ஊர்க் கதையில் இது இன்னும் பழையது. காட்டில் தவிக்கும் மூன்று பேர், எதிரே துள்ளும் பொன்மான். சீதை ஆசைப்பட்டாள், ராமன் போனான் என்பதோடு பலரும் கதையை நிறுத்திவிடுகிறார்கள். மாரீசன் பக்கத்துக் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவன் விரும்பி மானாகவில்லை. வேண்டாம், இது அழிவு என்று ராவணனிடம் எவ்வளவோ சொன்னான். போகாவிட்டால் கொன்றுவிடுவேன் என்று ராவணன் மிரட்டிய பிறகே அந்த உருவத்தை எடுத்தான். அம்பு பட்டு விழும்போது அவன் எழுப்பிய அலறல் ராமனின் குரலிலேயே இருந்தது. தெரிந்தவரின் குரல் என்பதால்தான் சீதை பதறினாள். இது மாயம் என்று முதலிலேயே சொன்னவன் ஒருவன் அந்தக் குடிசையில் இருந்தான். லட்சுமணன் சொன்னது எடுபடவில்லை.

இன்றைய பொன்மானுக்கு முகவரி உண்டு. பாங்காக்கிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில், தாய்லாந்தின் மேற்கு எல்லையில் மே சோட் என்ற ஊர். அதை ஒட்டி மோய் ஆறு. அகலமான ஆறு அல்ல. சின்னப் படகில் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். அக்கரையில் மியான்மரின் மியாவாடி. அங்கே ஆயுதக் குழுக்களின் நிழலில், உயர்ந்த மதில்களுக்குள், மோசடிக்கென்றே கட்டப்பட்ட வளாகங்கள் இருக்கின்றன. கேகே பார்க் அவற்றில் ஒன்று.

2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' வேலை என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்கிறார்கள். துபாயிலும் இந்தியாவிலும் உள்ள முகவர்கள் கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களைப் பிடிக்கிறார்கள். எல்லையைச் சட்டவிரோதமாகக் கடக்க வைத்து மியான்மரில் அடைத்துவைத்துக் கடுமையான நிலைமையில் வேலை வாங்குகிறார்கள் என்று அந்த அறிவிப்பு சொன்னது. அடுத்த மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள்.

அது தொடக்கம்தான். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கணக்குச் சொன்னது. கம்போடியாவிலிருந்து சுமார் 250 இந்தியர்களை மீட்டதாக 2024 மார்ச்சில் நம் அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் லாவோஸ் நாட்டிலிருந்து 47 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்கள் சிக்கியிருந்த இடத்தின் பெயர் தங்க முக்கோணச் சிறப்புப் பொருளாதார மண்டலம். பெயரில்கூடத் தங்கத்தை வைத்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் மே சோட்டுக்கே போய், இரண்டே நாட்களில் 549 பேரை ஏற்றி வந்தன. அத்தோடும் முடியவில்லை, அதே ஆண்டு அக்டோபரில் கேகே பார்க்கில் மியான்மர் ராணுவம் நுழைந்தபோது, நூற்றுக்கணக்கான இந்தியர்கள் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துக்கு ஓடி வந்தார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது பற்றித் திரும்பி வந்தவர்கள் சொன்னவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஒரு மேசை, சில கைப்பேசிகள், பொய்ப் பெயரில் சமூக ஊடகக் கணக்குகள், பணக்காரப் பெண்ணைப் போலவோ வெளிநாட்டு வியாபாரியைப் போலவோ எடுத்துவைத்த படங்கள். முன்பின் தெரியாதவருக்கு வணக்கம் சொல்லி, வாரக்கணக்கில் அன்பாகப் பேசி, நம்பிக்கை வந்ததும் போலி முதலீட்டில் பணம் போட வைக்க வேண்டும். சீன மோசடிக் கும்பல்கள் இதற்கு வைத்த பெயருக்கு, பன்றியைக் கொழுக்க வைத்து வெட்டுவது என்று பொருள். கொடுத்த இலக்கை முடிக்காவிட்டால் அடி, பட்டினி, மின்சார அதிர்ச்சி. வெளியே போகக் கேட்டால் லட்சக்கணக்கில் பணம் கட்டச் சொல்வார்கள். இல்லாவிட்டால் பக்கத்து வளாகத்துக்கு விற்றுவிடுவார்கள்.

மானைத் தேடிப் போனவனை அங்கே மானாக்கிவிடுகிறார்கள்.

மாரீசன் கதையை இங்கே இவ்வளவு விரிவாகச் சொன்னது இதற்காகத்தான். இந்தியாவில் 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை பதிவான இணையப் பண மோசடிகளில் 46 சதவீதம் மியான்மர், கம்போடியா, லாவோஸ் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து நடத்தப்பட்டவை என்று உள்துறை அமைச்சகத்தின் இணையக்குற்ற ஒருங்கிணைப்பு மையம் சொல்லியிருக்கிறது. ரிட்டயரான ஒருவரின் பிஎஃப் பணத்தைச் சுரண்டும் அந்த இனிய குரல், அடிபட்ட முதுகோடு உட்கார்ந்திருக்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் குரலாக இருக்கலாம். இவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்காமல் பாதிக்கப்பட்டவர்களாகப் பார்க்க வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது அதனால்தான்.

"பேராசைப்பட்டுப் போனான், மாட்டிக்கொண்டான்" என்று சொல்வதை ஊர் முதலில் நிறுத்த வேண்டும். 2025 ஜனவரியில் வாங் சிங் என்ற சீன நடிகர் தாய்லாந்தில் படப்பிடிப்பு என்று நம்பிப் போனார். சில நாட்கள் கழித்து மொட்டையடித்த தலையோடு அவரை மியான்மர் எல்லையிலிருந்து மீட்டார்கள். அவர் போனதும் பேராசையால் அல்ல, வேலைக்காகத்தான். உண்மையிலேயே ஆசைப்பட்டு ஏமாந்தவர்கள் வேறு: 1880 வாக்கில் நீலகிரியின் பந்தலூரிலும் தேவாலாவிலும் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டன் முதலாளிகள் பங்குக்கு மேல் பங்காக வாங்கிக் குவித்தார்கள். சில ஆண்டுகளில் இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன. அவர்களை யாரும் பேராசைக்காரர்கள் என்று வீட்டு வாசலில் நின்று ஏசவில்லை.

தங்கவயல் பிள்ளைகள் வெளியே பார்ப்பதற்குக் காரணம் ஊரிலேயே இருக்கிறது. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆட்களைத் திரட்டிக் கட்டிய ஊர் இது. சிவசமுத்திரத்திலிருந்து 1902லேயே இங்கே மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அன்றிலிருந்து, ஓடிக்கொண்டிருந்த கலம் நடுவழியில் நின்றதைப் போலத் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் சயனைடு மண்மேடுகளும் அப்படியே நிற்கின்றன. நின்றுபோன கலத்தில் இருப்பவர்கள் தூரத்துக் குரலுக்குக் காது கொடுக்காமல் எப்படி இருப்பார்கள்?

ஆள் பிடிப்பவரின் தேன் பேச்சும் நமக்குப் புதிதல்ல. மொரீஷியஸ், ஃபிஜி கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கப்பலேற்றிய காலத்தில் அந்த வேலை பார்த்தவர்களை ஆள்கட்டி என்றே மக்கள் அழைத்தார்கள். பக்கத்தில்தான் தீவு, சர்க்கரையைச் சலிக்கிற வேலைதான் என்று சொல்லி அழைத்துப் போனதாக ஒப்பந்தக் கூலிகளின் வம்சாவளியினரிடம் இன்றும் கதைகள் உண்டு. ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிராக இந்தியாவெங்கும் எழுந்த எதிர்ப்பால் 1917ல் அந்த ஆள்சேர்ப்பு நின்றது. கப்பல் இருந்த இடத்தில் இப்போது மலிவு விலை விமான டிக்கெட். ஆள்கட்டி இருந்த இடத்தில் டெலிகிராம் குழு.

அதற்காக வெளிநாடே போகாதீர்கள் என்று இந்த மடல் சொல்லவில்லை. சுரங்கத்தில் இறங்கிய உங்கள் தாத்தாக்கள் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடவில்லை. ஆனால் அவர்கள் ஒன்று செய்தார்கள். வெடி வைத்த இடத்துக்குள் மறுபடி நுழையும்போது, கையில் கடப்பாரையோடு போய் மேற்கூரைப் பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியான பாறை கணீரென்று ஒலிக்கும். பிளந்து தொங்கும் பாறை பொத்தென்று உள்ளீடில்லாத ஓசை தரும். பொத்தென்று கேட்டால் அந்தப் பாறையை விழத்தட்டிய பிறகுதான் அதனடியில் கால் வைப்பார்கள். நிலத்தடிச் சுரங்கத்தில் இது அடிப்படைப் பாடம்.

வேலை தருகிறேன் என்று வருபவரையும் அப்படித் தட்டிப் பாருங்கள்.

முதல் தட்டு, விசா. தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளை விசா இல்லாமலே அனுமதிக்கத் தொடங்கியது. சுற்றுலாப் பயணியாகப் போகிறவருக்கு அங்கே வேலை பார்க்க உரிமை கிடையாது. "முதலில் டூரிஸ்டாக வா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் பாறை பொத்தென்று ஒலிக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, முகவர். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவர்கள்தான் ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு எடுக்கலாம். பதிவு பெற்றவர்களின் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, அதில் தேடிப் பாருங்கள். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. லட்சத்தில் பேசுகிறவரும் சரி, பதிவு எண் கேட்டதும் கோபப்படுகிறவரும் சரி, விலக்க வேண்டியவர்கள்.

மூன்றாவது, கம்பெனி. என்ன விற்கிறது, எந்தத் தெருவில் இருக்கிறது, யாருக்குச் சம்பளம் கொடுக்கிறது? நேர்காணலில் தட்டச்சு வேகத்தை மட்டும் கேட்டுவிட்டு உடனே டிக்கெட் அனுப்பும் கம்பெனி எதற்காக அவசரப்படுகிறது? அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இப்படி ஒரு நிறுவனம் உண்மையிலேயே இருக்கிறதா என்று விசாரிக்கலாம். வெளியுறவு அமைச்சகமே அப்படி விசாரிக்கச் சொல்கிறது.

நான்காவது தட்டு கடினமானது, ஏனென்றால் தட்ட வேண்டியது தெரிந்தவரின் குரலை. பலர் சிக்கியது விளம்பரத்தைப் பார்த்து அல்ல. முன்னமே போன கூட்டாளி கூப்பிட்டதால். "நல்ல இடம்டா, வா" என்பவன் பின்னால் ஒருவன் நின்றுகொண்டிருக்கலாம். ஆளைக் கொண்டுவந்தால் உன்னை விட்டுவிடுகிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். அதனால் வீடியோ காலில் பேசுங்கள். அறையை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள், தெருவைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு டீக்கடை வரைக்கும் நடந்து போய் வரச் சொல்லுங்கள். கதவைத் தாண்ட முடியாதவனுக்குப் பதில் சொல்ல நேரமாகும். வெளிநாடு போகிற ஒவ்வொருவரும் வீட்டோடு ஒரு ரகசியச் சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளலாம். "பாட்டிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது" என்று போனவர் கேட்டால், ஆபத்து என்று வீட்டுக்குப் புரியட்டும்.

பொறுமையாகச் சலித்துக் கேட்பது இந்த ஊருக்குத் தெரியாத வித்தை அல்ல. 1965ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்துக் காத்திருந்தன. வானத்திலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களால் காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடிப்பதுதான் நோக்கம். மேலே இருந்தால் வேறு துகள்களின் இரைச்சலில் அது தொலைந்துபோகும். அவ்வளவு பாறையும் இரைச்சலை வடிகட்டிய பிறகு எஞ்சிய மிகச் சில தடங்களை ஒவ்வொன்றாகச் சோதித்த பின்பே உலகத்துக்கு அறிவித்தார்கள். உலகில் அத்தகைய நியூட்ரினோ முதன்முதலாகப் பதிவான இடங்களில் ஒன்று இந்த ஊரின் அடிவயிறு. ஒரு வேலை அழைப்பைச் சோதிக்கப் பத்து நாள் எடுத்துக்கொண்டால் எந்த நல்ல கம்பெனியும் ஓடிப்போகாது.

ஏற்கெனவே போனவரின் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் தவிக்கும் இந்தியர்களுக்காக அரசு நடத்தும் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் இலவச எண் 1800 11 3090. பணம் பறிபோயிருந்தால் இணையக்குற்ற உதவி எண் 1930. அந்த எண்ணை மறக்க முடியாதபடி தங்கவயல் வரலாறே எழுதி வைத்திருக்கிறது. குற்றவாளிகளைப் போல எங்கள் கைரேகையை எதற்கு எடுக்கிறீர்கள் என்று சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது 1930ஆம் ஆண்டில்தான். கூலிக்காக வந்தவர்கள் மானத்துக்காக எழுந்து நின்ற ஆண்டு அது.

அந்த மானம் இப்போது திரும்பி வந்தவர்களுக்குத் தேவைப்படுகிறது. நகையை அடகு வைத்து, கடன் வாங்கி அனுப்பிய பிள்ளை வெறுங்கையோடு வரும்போது வீடு வாயை மூடிக்கொள்கிறது. பிள்ளையும் மூடிக்கொள்கிறான். அந்த மௌனம் ஆள்கட்டிக்கு மட்டுமே லாபம்.

சுரங்கம் ஓடிய நாட்களில் ஆழத்தில் பாறை வெடித்துப் பூமி குலுங்கினால், லைன் வீடுகளிலிருந்து பெண்கள் சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாசலுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்வரை காத்திருப்பார்கள். மேலே வந்தவரிடம் "நீ ஏன் கீழே போனாய்?" என்று யாரும் கேட்டதில்லை. யார் யார் இன்னும் கீழே இருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்கள்.

மியாவாடியிலிருந்தோ கம்போடியாவிலிருந்தோ லாவோஸிலிருந்தோ வந்த தம்பியோ தங்கையோ இந்த மடலைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களிடம் கேட்பதும் அதே கேள்விதான். உங்களோடு அடைக்கப்பட்டிருந்தவர்களில் இன்னும் யார் யார் அங்கே இருக்கிறார்கள்? உங்களை அழைத்தவர் எந்தப் பெயரில் பேசினார், எந்த எண்ணிலிருந்து பேசினார், பணத்தை எந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்? தங்கவயலுக்கென்று தனிக் காவல் மாவட்டமும் எஸ்.பி. அலுவலகமும் இருக்கின்றன. ஒரு வெள்ளைத்தாளில் இவற்றை எழுதிக்கொண்டு, தெரிந்த வக்கீலோ தொழிற்சங்கத்துப் பெரியவரோ ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். நாளைக் காலை மாரிக்குப்பம் ரயிலில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அதே எண்ணிலிருந்து செய்தி வரலாம். அந்த எண்ணை உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
தங்கவயலின் நலம் விரும்பும் ஒருவர்